தொப்பித் தீர்மானம்

"வெள்ளைத் தொப்பி கூடவே கூடாது! வெள்ளைத் தொப்பி வைத்தால் சபை ஒரு கட்சிக்கு விலைபோய்விட்டது என்பார்கள்!"

"அப்பம் காக்கி வையும். காக்கிக்கு என்ன வே கேடு?"

"காக்கி வெச்சா போலீஸ் வண்டின்னு நெனச்சுண்டு தாராவியிலே பாதிப் பேர் ஓடிடுவான், ஓய் அண்ணாச்சி! அப்புறம் நம்ம வேன்லே எவன் ஏறுவான்?"

"இப்பம் மட்டும் எவன் ஏறுதான்?"

மேசையில் யாரோ குத்தினார்கள். காப்பித் தம்ளர் உருண்டு விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தால் பேச்சில் பின்வாங்கியதாக ஆகிவிடும் என்று யாரும் குனியவில்லை.

பம்பாய் மாதுங்கா தென்னகத் தமிழர் நலவாழ்வுச் சபையின் செயற்குழு அன்று சாயங்காலம் இப்படித்தான் தமிழரின் நலவாழ்வைக் கவனித்துக்கொண்டிருந்தது. முதலில் கத்தியவர் செயலாளர் கணேசபாண்டியன். வீட்டில் உப்புக் கேட்டாலும் மேடைத் தமிழில் கேட்கிறவர். காக்கி கேட்டவர் தலைவர் தங்கபாண்டி அண்ணாச்சி. மார்க்கெட் பக்கம் அரிசி பருப்புக் கடை. மூன்றாமவர் பொருளாளர் வைத்தீஸ்வரன். ரயில்வேயில் கணக்குப் பிரிவிலிருந்து ரிட்டயராகி, அடுத்தவர் கணக்கில் குறை கண்டுபிடிக்காமல் இரவில் தூக்கம் வராததால் சபைக்கு வந்து சேர்ந்தவர்.

கதவோரம் வெயிலுமுத்து நின்றுகொண்டிருந்தான். சபையின் வேன் டிரைவர், தாராவிக்காரன். இந்தச் சண்டை முழுவதும் அவன் தலையைப் பற்றியது. அவனோ தன் தலைக்கென்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்டது வேனுடைய எஞ்சினில் ஆயில் ஊற்றுகிற வாய்க்கு ஒரு மூடி.

"ஐயா," என்று தொண்டையைச் செருமினான். "இந்தத் தொப்பி எனக்கு இல்லய்யா. வண்டிக்கு."

அண்ணாச்சிக்கு இரக்க மனசு. "மொதல்ல உனக்கு வைப்போம்டே. வண்டிக்கு அடுத்த வருசம் பாப்போம்," என்றார்.

கடைசியில் எல்லாருக்கும் சமமாகப் பிடிக்காத நிறமாகப் பார்த்துப் பழுப்பு என்று முடிவாயிற்று. ஆனி மாதக் கடைசியில் நடக்கும் ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினர் கையால் ஓட்டுநருக்குத் தொப்பி சூட்டுவது என்று தீர்மானம் நிறைவேறியது. நிறைவேறிய தீர்மானத்தை ஆறு மாதத்துக்கு யாரும் தொடக்கூடாது என்பது சபையின் விதி. அந்த விதியை யார் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் அதன்மேல் எல்லாருக்கும் ஒரு பக்தி.

இந்த வில்லங்கம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். மாதுங்காவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், நடந்தது இதுதான்.

சபையின் வேன் வெள்ளைக்காரன் காலத்து வண்டி. இரண்டு பக்கமும் "ஏழை நோயாளிகளின் இலவச உபயோகத்திற்கு" என்று சிவப்பில் எழுதியிருக்கும். ஏழை நோயாளி என்று அதில் அதிகம் ஏறியது பொருளாளர் மனைவி விசாலாக்ஷி அம்மாள்தான். அந்த அம்மாளுக்கு இருந்த நோய் காய்கறி வாங்குவது. எஞ்சின் வண்டிக்கு முன்னால் இல்லை. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது ஆள் மாதிரி முனகிக்கொண்டே கூட வரும்.

காலையில் வண்டி எடுக்குமுன் வெயிலுமுத்து தகரப் பெட்டியைத் திறப்பான். ஆயில் வாயின் மூடியைத் திருகி எடுத்து, உள்பக்கத்தைப் பார்ப்பான். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். விளிம்பிலுள்ள கார்க் வளையம் காய்ந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவான். பிறகு குறைந்திருக்கும் ஆயிலை ஊற்றுவான். ஒருநாள் கழற்றிய மூடியோடு ஆயில் டப்பா எடுக்க இறங்கியவன், அதை முன் பம்பரில் வைத்தான். அந்த நேரம் பார்த்து விசாலாக்ஷி அம்மாள் பையோடு வந்து நின்றார்.

"ஏம்ப்பா, எத்தனை நாழி? வெண்டைக்காயெல்லாம் முத்தினதா போயிடப்போறது!"

வெயிலுமுத்து பெட்டியைச் சாத்தினான், வண்டியை எடுத்தான். மூடி பம்பரில் உட்கார்ந்தபடி எவ்வளவு தூரம் சவாரி செய்ததோ, எந்தத் திருப்பத்தில் இறங்கிக்கொண்டதோ. செம்பூர் வரைக்கும் நடந்து தேடினான். கிடைக்கவில்லை.

மூடி இல்லாவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின் ஓட ஓட உள்ளேயிருந்து சூடான ஆயில் சிதறிச் சிதறி வெளியே வரும். புகை வரும். வெளியிலிருந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். ஆயில் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் எஞ்சின் இறுகிப்போகும். எஞ்சின் இறுகினால் வெயிலுமுத்துவின் வேலை போகும். ஆறு மாதத்துக்கு வண்டி பழுதில்லாமல் ஓடினால்தான் ஆண்டு விழாவன்று அவனைப் பர்மெனன்ட் ஆக்குவார்கள். பர்மெனன்ட் ஆனால்தான் பூமாரி.

பூமாரி அவனுக்கு மாமன் மகள். மாமா பூதத்தான் தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவர். வந்த நாளிலிருந்து தினக்கூலி. காலையில் கிடங்கு வாசலில் போய் நின்று, மேஸ்திரி கை காட்டினால் உள்ளே, இல்லையென்றால் வீட்டுக்கு. அப்படி நின்று நின்று, உலகத்தில் உயர்ந்த சொல் பர்மெனன்ட் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

"டெம்பரவரிக்குப் பொண்ணக் குடுத்தா, பொண்ணும் டெம்பரவரியாத்தான் போயிட்டு வருவா," என்று சொல்லிவிட்டார். "ஆடி பொறக்குமுன்ன உங்க சபைக்காரவுக வாயால பர்மெனன்ட்டுன்னு சொல்லணும். அன்னிக்கே தட்டு மாத்திருவேன். இல்லன்னா வேற எடம் பாப்பேன் மாப்ள, பொறவு என்னைய வையக் கூடாது."

ஆகவே மூடி தொலைந்த மறுநாளே வெயிலுமுத்து செயலாளர் முன் போய் நின்றான். தன் கவனக்குறைவு வெளியே தெரியக்கூடாதே என்று சொல்ல வந்ததைச் சுருக்கினான். ஆயில் என்ற சொல்லையே விட்டுவிட்டான். வினை அங்கேதான் புகுந்தது.

"ஐயா, கேப்பு தொலஞ்சு போச்சு. புதுக் கேப்பு ஒண்ணு வேணும்."

கணேசபாண்டியன் பேனாவை மூடினார். "கேப்பு என்பது எம்மொழி?"

"இங்கிலீசுய்யா."

"தமிழர் சபையில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை? தமிழில் சொல்."

வெயிலுமுத்து யோசித்தான். வளர்ந்தது தாராவி. படித்தது முனிசிபல் பள்ளிக்கூடம், அதிலும் பாதிநாள் இந்தி. கேரேஜில் எல்லாரும் அதைக் கேப் என்பார்கள், இல்லையென்றால் டக்கன் என்பார்கள்; மூளையில்லாதவனுக்கும் பம்பாயில் அதே பேர்தான். டக்கன் தமிழில்லை என்கிற அளவுக்கு அவனுக்கும் விவரம் உண்டு.

"தெரியலய்யா," என்றான்.

"தொப்பி," என்றார் செயலாளர். அகராதியே வாய் திறந்த மாதிரி இருந்தது.

வெயிலுமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருப்பதால் நல்ல தமிழில் அதற்குத் தொப்பி என்று பேர் போலிருக்கிறது. என்ன பொருத்தம்! படித்தவர் படித்தவர்தான்.

"ஆமாய்யா, தொப்பி! அது இல்லாம வண்டி ஓட்டவே முடியலய்யா. எண்ணெயா வழியுது."

செயலாளர் அவன் தலையை ஏறிட்டுப் பார்த்தார். காலையில் அப்பிய தேங்காயெண்ணெய் நெற்றிவரை இறங்கியிருந்தது.

"காண்கிறேன்," என்றார்.

இதுதான் தொப்பித் தீர்மானத்தின் பிறப்பு.

*

செயற்குழு முடிந்த மறுநாள் அளவுக்குழு வந்தது. தையற்காரர் ஒருவர், அண்ணாச்சி, பொருளாளர் மூன்று பேரும் ஷெட்டுக்கு வந்து வெயிலுமுத்துவின் தலையை டேப் வைத்து அளந்தார்கள். அவன் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினான்.

"சாமி, ஒரு நிமிசம். இந்த ஓட்டையப் பாருங்க. இதுக்குத்தான் கேட்டேன்."

பொருளாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதென்னடா ஓட்டை? யார் போட்டா?"

"கம்பெனிக்காரனே போட்டதுய்யா. ஆயில் ஊத்துத வாயி."

"கம்பெனியே போட்டதுன்னா அது இருக்க வேண்டிய ஓட்டை. இருக்க வேண்டிய ஓட்டையை அடைக்கச் சொல்றியே, உனக்கே நன்னாயிருக்கா?"

அண்ணாச்சி பெட்டிக்குள் தெறித்துக் கிடந்த ஆயிலை விரலால் தொட்டு, இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். கடையில் நல்லெண்ணெய் பார்க்கிற பழக்கம். "எண்ணெ நல்லா பொங்கி வழியத்தான செய்யுது? வத்திப்போனா கவலப்படு. பொங்குத வீட்டுல எதுக்குடே அழுதிய?"

அவன் தலைக்குச் சுற்றளவு குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓட்டையில் பழைய துணியைத் திணித்துக்கொண்டு சில நாள் ஓட்டினான். பிறகு சயான் பக்கம் கேரேஜ் வைத்திருந்த காசிமிடம் போனான். காசிமுக்கும் பூர்வீகம் தெக்கத்திச் சீமைதான். பம்பாய் அவர் வாயை இரண்டாகப் பிளந்து, பாதியில் இந்தியை ஊற்றியிருந்தது.

"அரே பாகல், துணியவாலே வச்சிருக்க? உள்ள இழுத்துச்சுன்னா கதம்! ஆடுற ராக்கர் கம்பியில சுத்திக்கிட்டு எஞ்சின் பந்த் ஆயிரும்." பழைய சாமான் குவியலில் கைவிட்டுத் துழாவினார். துருப்பிடித்த மூடி ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கார்க் வளையம் வெட்டி மாட்டினார். "வச்சுக்கோ. பைசா வாண்டாம். கல்யாணத்துக்குப் பிரியாணி போடு."

"எங்க வீட்டுல சாம்பாருதான் பாய்."

"சாம்பார்ல கறியப் போடு, பிரியாணி ஆயிரும். போலே."

மூடியை ஓட்டையில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பியதும் சிக்கென்று உட்கார்ந்தது. அன்றைக்கு வண்டி கொஞ்சம்கூட முனகவில்லை. வெயிலுமுத்து சாயங்காலம் பூமாரி வீட்டுத் தெருவழியே தேவையில்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்துக்கொண்டு போனான். தெருவில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாதா என்ன?

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை வரைக்கும் இருந்தது. சனிக்கிழமைகளில் பொருளாளர் சபையின் சொத்துக்களைச் சரிபார்ப்பார். சபைக்குச் சொந்தமான எதுவானாலும் அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நம்பர் இருக்கும். நாற்காலிக்கு நம்பர், ஹார்மோனியத்துக்கு நம்பர், துடைப்பத்துக்கு நம்பர். தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னவர் மூடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதுக்கு ஏன் நம்பர் இல்லே?"

"அது காசிம் பாய் சும்மா குடுத்ததுய்யா."

"அப்போ சபா சொத்து இல்லே?"

"இல்லய்யா."

"சபா சொத்து இல்லாத வஸ்து சபா வண்டியிலே ஏன் ஒட்டிண்டிருக்கு? நாளைக்கு அந்தக் காசிம் வந்து, வண்டியிலே எனக்கும் பாத்தியதை உண்டுன்னு கோர்ட்டுக்குப் போனா?"

"போவ மாட்டாருய்யா. வேணும்னா நம்பர் போட்டுருங்க."

"நம்பர் போடணும்னா வாங்கியிருக்கணும். வாங்கணும்னா தீர்மானம் வேணும். தொப்பிக்குத் தீர்மானம் இருக்கு, மூடிக்கு இருக்கா?" பொருளாளரின் குரல் கனிந்தது. "முப்பது வருஷம் ரயில்வேயிலே இருந்தேன் வெயிலுமுத்து. ஒரே ஒரு ஆணி கூட கணக்கில்லாம உள்ளே வர விட்டதில்லே. ரயில் லேட்டா வந்திருக்கும், வராமலே இருந்திருக்கும். அது வேற டிபார்ட்மென்ட். ஆனா கணக்குலே கடபட் குளறுபடி கிடையாது."

அவரே மூடியைத் திருகி எடுத்து, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். உரியவர் வந்து கேட்கும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று அதைத் தன் மேசையில் வைத்தார். ஃபேன் காற்றில் பறக்கிற காகிதங்கள்மேல் அது வெகு பாந்தமாக உட்கார்ந்துகொண்டது.

காசிமைக் கூட்டி வந்தான் வெயிலுமுத்து. காசிம் மாடிப்படி ஏறி வந்து, மேசையில் தன் மூடியைக் கண்டு, எடுக்கக் கை நீட்டினார். அது அவருடையதுதான் என்று இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் பொருளாளர். காசிம் அவரையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெயிலுமுத்துவின் தோளைத் தட்டி, "யாரு டக்கன்னே வெளங்கலலே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

*

பூமாரி தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு மூடிக்கு வழியில்லாத சபையில பர்மெனன்ட் ஆனா என்ன மச்சான், ஆவாட்டா என்ன?"

"ஒங்கப்பாரு கேக்காருல்லா."

"எங்கப்பா கேக்காரு. நான் கேட்டனா?"

குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள் இருவரையும் சேர்த்து வைதாள். பூமாரி வீட்டுக்குள் போய் ஒரு சிரட்டையோடு வந்தாள். அன்று காலை துருவிய தேங்காயின் மூடி. உட்பக்கம் வழவழவென்று சுரண்டப்பட்டிருந்தது.

"இத வச்சுக் கட்டிப் பாருங்க. மூடின்னா இதுவும் மூடிதான்."

சிரட்டையைக் கவிழ்த்து, ஓரத்தில் ரப்பர்த் துண்டு கொடுத்து, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டினான். பரவாயில்லை, கொஞ்சம்தான் கசிந்தது. அடுத்த சனிக்கிழமை பொருளாளர் அதையும் பார்த்தார்.

"இது சொத்து இல்லே, குப்பை," என்றார் அவர். "குப்பைக்கு நம்பர் வேண்டாம். இருக்கட்டும்."

சபையின் விதிகளில் தனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று வெயிலுமுத்துவுக்கு அன்றுதான் நம்பிக்கை வந்தது.

*

ஆண்டு விழா அன்று காலையிலிருந்தே மழை. சிறப்பு விருந்தினர் எஞ்சினியர் சிவனாண்டி; டிராம்பே பக்கம் ஏதோ பெரிய ஆலையில் பெரிய பதவி. அவரை அழைத்து வர செயலாளர் வண்டியில் போனார். திரும்பி வரும்போது விருந்தினர் பட்டு வேட்டியும் ஜரிகைத் துண்டுமாக முன் சீட்டில், எஞ்சின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தார். செயலாளர் பின்னால் உட்கார்ந்து வரவேற்புரையை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

செம்பூர் தாண்டுமுன்னே பெட்டியின் இடுக்கில் புகை வந்தது.

"ஏம்ப்பா, புகை வருதே?"

"ஆயில் புகைய்யா." வெயிலுமுத்துவுக்கு ஒரு மின்னல் வெட்டியது. இவர் எஞ்சினியர்! இவர் ஒரு வார்த்தை சொன்னால் சபை கேட்காதா? "ஐயா, இந்த எஞ்சினுக்கு ஆயில் கேப் இல்லய்யா. சிரட்டைய வச்சுக் கட்டியிருக்கேன். நீங்க எஞ்சினியரு, நீங்க சொன்னா..."

விருந்தினர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் எஞ்சினைத் தொட்டுப் பதினெட்டு வருஷமாச்சு தம்பி. இப்பல்லாம் எஞ்சினைத் தொட்டவன் எழுதினதைப் படிச்சவன் எழுதினதுல கையெழுத்துப் போடுறதுதான் என் வேலை. அதுகூட பச்சை மையில." அந்தப் பச்சை மையின் பெருமையை அவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் படீரென்று ஒரு சத்தம். சணல் அறுந்து சிரட்டை பறந்தது. தகரப் பெட்டி வாயைப் பிளந்தது. கொதிக்கும் ஆயில் பட்டு வேட்டியில் முழங்காலிலிருந்து பாதம்வரை கோலம் போட்டது.

விருந்தினர் அலறினார். பின்னாலிருந்து செயலாளர், "உணர்ச்சிவசப்பட வேண்டாம் ஐயா, இன்னும் வரவேற்புரையே தொடங்கவில்லை," என்றார்.

வெயிலுமுத்து வண்டியை ஓரம் கட்டப் பார்த்தான். "நிறுத்தாதே! விழாவுக்கு நேரமாகிறது! சபை ஒருபோதும் நின்றதில்லை!" என்று செயலாளர் அவன் முதுகில் குத்தினார். இரண்டு ஃபர்லாங் போயிருக்கும். எஞ்சின் கடகடவென்று பல்லைக் கடித்தது, ஒரு முறை உடம்பை உலுக்கியது, இறுகிப்போயிற்று. சயான் சர்க்கிளுக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில், "ஏழை நோயாளிகளின் இலவச உபயோகத்திற்கு" நின்றுவிட்டது. விருந்தினரும் செயலாளரும் டாக்ஸியில் போனார்கள். வெயிலுமுத்து மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சபையிலிருந்து ஆள் வந்தான்: உடனே புறப்படு, தொப்பி சூட்ட வேண்டும்.

மேடையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றான். ஆயில் கறை வேட்டியோடு விருந்தினர் பழுப்புத் தொப்பியை அவன் தலையில் வைத்தார். உள்ளே வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போட்டிருந்தது. இன்னும் காயாததால் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! சில சபைகள் கேட்டதைக் கொடுக்கின்றன. அதில் என்ன பெருமை? கேட்டதைக் கொடுக்க யாராலும் முடியும்! நம் சபையோ, கொடுத்ததையே கேட்டதாக ஆக்குகின்ற சபை! இந்த ஏழைத் தொழிலாளி இனி எதைக் கேட்க நினைத்தாலும், கேட்குமுன் ஒரு முறை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்!"

கூட்டத்தின் கடைசி வரிசையில் பூதத்தான் உட்கார்ந்திருந்தார். பர்மெனன்ட் என்ற சொல் எப்போது வரும் என்று அவர் கடைசிவரை காத்திருந்தார். அது வரவில்லை, மைசூர்பாகு வந்தது. அதைச் சாப்பிடாமல் மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

*

மறுவாரம் விசாரணை. அதே மேசை, அதே மூன்று பேர். காகிதங்கள்மேல் காசிமின் மூடி. வெயிலுமுத்து தொப்பியோடு வந்து நின்றான். தொப்பியில்லாமல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"எஞ்சின் நின்றபோது தொப்பி எங்கிருந்தது?" என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"பறந்துட்டுய்யா."

"விழா மேடையில் சூட்டப்பட்ட தொப்பி, விழாவுக்கு முன்னரே எப்படிப் பறக்கும்?"

"அது தொப்பி இல்லய்யா, சிரட்ட."

"சிரட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டா சிறப்பு விருந்தினரை அழைத்து வந்தாய்?"

அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். வெயிலுமுத்து இரண்டு கையையும் மேசையில் ஊன்றினான். மூடியைக் காட்டினான். "ஐயா, இந்தா இருக்கு பாருங்க. இதான் கேப்பு. இதத்தான் நான் கேட்டேன். நீங்கதான் தொப்பின்னு சொன்னிய. நானும் சரின்னுட்டேன். எனக்குத் தமிழ் சரியா வராதுய்யா."

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது என்பதுதான் இதிலே வேடிக்கை. புரிந்தது முகத்தில் தெரியாமலிருக்க மூன்று பேரும் படாத பாடு பட்டார்கள்.

பொருளாளர் முதலில் தேறினார். "இப்போ அது தொப்பி இல்லேன்னு நாம ஒத்துண்டா, தொப்பி வாங்கினது தப்பான செலவுன்னு ஆயிடும். தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"நான் எங்கவே போட்டேன்? நீரு போடச் சொன்னீரு, போட்டேன்," என்றார் அண்ணாச்சி.

"சிறப்பு விருந்தினர் கையால் சூட்டப்பட்டிருக்கிறது," என்றார் செயலாளர். "தவறு என்றால், அவரும் தவறைச் சூட்டியவர் ஆகிவிடுவார். தமிழ்ப் பண்பாடு அதை அனுமதிக்காது. வெயிலுமுத்து, ஒரே கேள்வி. ஆம் இல்லை என்று சொல். தொப்பி இல்லாமல் வண்டி ஓட்டியதால்தானே எஞ்சின் கெட்டது?"

மூன்று மாதமாக அவன் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான்.

"ஆமாய்யா," என்றான்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டான்," என்றார் செயலாளர்.

தீர்ப்பு ஒரு வரிதான். தொப்பியின்றி வண்டி ஓட்டி எஞ்சினைப் பழுதாக்கிய ஓட்டுநர் விலக்கப்படுகிறார். அந்த வரியில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று அவனால் சொல்ல முடியவில்லை. தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, "நான் ஒண்ணும் சொல்லலடே, அவனுவதான்," என்று சொல்லி, கடைக்கு வந்து ஒரு படி பருப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவன் போகவில்லை.

பூதத்தானிடம் அவன் விளக்கிப் பார்த்தான். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்லுதது நெசந்தான் மாப்ள," என்றார். "கிடங்கு வாசல்ல நின்ன ஒவ்வொரு நாளும் எம்பக்கமும் நெசந்தான் இருந்துச்சு."

அன்று ராத்திரி பூமாரி சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குழாயடியில் அவனைப் பார்த்து, "எங்கயாச்சும் போயிருவமா மச்சான்?" என்று கேட்டாள். பின்னால் நின்றவள் அன்றைக்கு வையவில்லை, காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் தெருவுக்கெல்லாம் தெரிந்தது.

"ஒரு வேல கிடைக்கட்டும் புள்ள," என்றான் வெயிலுமுத்து.

பூமாரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உல்லாஸ்நகர், துணி ஆலையில் பர்மெனன்ட் என்று தரகர் சத்தியம் செய்தார். அந்த வருஷமே பொருளாளர் மகள் ஷ்யாமளாவுக்கும் ஆயிற்று, டெல்லிக்குப் போனாள். விசாலாக்ஷி அம்மாள் அதற்குப் பிறகு காய்கறிக்கு டாக்ஸியில் போனதாகக் கேள்வி. கணேசபாண்டியன் திலக் நகருக்கு வீடு மாறி, அங்கே வேறொரு சபை ஆரம்பித்தார். காசிம் கேரேஜைக் குர்லாவுக்குக் கொண்டுபோனார். வெயிலுமுத்து டிராம்பேயில் தண்ணீர் லாரி ஓட்டப் போனான், கான்ட்ராக்ட் வேலை.

இரண்டு வருஷம் கழித்துக் குர்லா ஸ்டேஷனில் பூமாரியைப் பார்த்தான். இடுப்பில் குழந்தை. இருவரும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார்கள்.

"வண்டி ஓட்டுதியளா?"

"ஓட்டுதேன்."

"கல்யாணம்?"

"இன்னும் இல்ல." அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். "ஒன் வீட்டுக்காரரு நல்லா இருக்காரா? ஆலையில..."

கல்யாண் போகும் லோக்கல் ரயில் உள்ளே வந்தது. அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, லேடீஸ் பெட்டியை நோக்கி நடந்தாள். ஏறுமுன் திரும்பினாள்.

"அவுகளுக்கும் இன்னும் பர்மெனன்ட் ஆவல மச்சான்," என்றாள்.